செங்கோட்டைக் கல் என்ன கல்?

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை, அடுத்தது குதுப்மினார், விடுப்பு கிடைத்தால் ஆக்ரா. தில்லியில் குடியிருக்கும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இதுதான் நடைமுறை. இத்தனை வருடங்களில் லாகூர் வாசல் வழியாக எத்தனை முறை உள்ளே போய்வந்திருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஷாஜகான் கதையையும் மயிலாசனக் கதையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தச் சுவர் என்ன கல்லால் கட்டியது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, என் பெரியப்பா வரும் வரையில்.

பெரியப்பா புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயி. சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில் வந்திருந்தார். கோட்டைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் போட்டோ எடுக்கக் கிளம்ப, அவர் மட்டும் சுவரோரம் போய் நின்றுவிட்டார். உள்ளங்கையால் தடவினார். நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, இது நம்ம ஊர் செம்புறாங்கல்லா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். படித்தவன், தில்லிக்காரன், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் விடவில்லை. "செம்புறாங்கல்லுன்னா ஓட்டை ஓட்டையா இருக்குமேப்பா. இது பொட்டுக்கடலை மாவு பிசைஞ்சு தட்டின மாதிரியில்ல இருக்கு?" என்றார். நான் வழக்கம்போல் ஷாஜகானுக்குத் தாவினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாரே தவிர நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

சரியாகச் சொன்னவர் அவர்தான். எங்கள் குடியிருப்பில், புவியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வங்காளி நண்பர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, மறுநாள் காலை நடைக்கு வரும்போது ஒரு பூதக்கண்ணாடியுடன் வந்தார். அன்றிலிருந்து அவரிடம் நான் கற்றுக்கொண்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் பெரியப்பா கேட்கும்போது நீங்களாவது சரியாகப் பதில் சொல்லுங்கள்.

செங்கோட்டைக் கல் மணற்கல். சிவப்பாக இருப்பதால் செம்மணற்கல் என்போம். இங்கே கடைக்காரர் 'லால் பத்தர்' என்பார். ஹிந்திப் பாடப் புத்தகத்தில் 'பலுஆ பத்தர்' என்று இருக்கும். பாலு என்றால் மணல். பெயரிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. மணல் படிந்து, மேலும் மேலும் படிந்து, தன் பாரத்தாலேயே அழுந்தி, இடையில் ஊறிய நீரில் கரைந்திருந்த சரக்கு பசைபோல் இறுகி மணலை மணலோடு ஒட்டிவிட்டால் அது மணற்கல்.

செம்புறாங்கல் பிறக்கிற விதமே வேறு. அது எங்கிருந்தும் வந்து படிந்தது அல்ல. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊர்களில், இருந்த பாறையே இருந்த இடத்தில் மக்கி, கரையக்கூடியதெல்லாம் மழையில் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சி இறுகியது அது. அதனால்தான் தேன்கூடு மாதிரி பொந்தும் புழையுமாக இருக்கிறது. மலையாளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். தோண்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப்பட்டதும் கெட்டியாகிவிடுவதால் கோடரியாலேயே செங்கல் வடிவில் வெட்டி எடுப்பார்கள். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மலபாரில் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்துவிட்டு, செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை வைத்து 1807-இல் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். உலகம் முழுவதும் இன்று அந்தப் பெயர்தான். ஆக, பெரியப்பா தேடிய ஓட்டை செங்கோட்டையில் இல்லாததற்குக் காரணம் உண்டு.

இனி, அடையாளம் காண்பது எப்படி?

முதலில் கையால் தடவுங்கள். பாலிஷ் போடாத மணற்கல் உப்புத்தாள் போல நறநறவென்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே அளவில் குட்டிக் குட்டி மணிகள் தெரியும். ரவை உப்புமா உலர்ந்துபோனால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. அந்த மணிகள் பெரும்பாலும் குவார்ட்ஸ். ஊரில் வெங்கச்சங்கல் என்று பொறுக்கி ஒன்றோடொன்று உரசி நெருப்புப் பொறி பறக்க விடுவோமே, அதே சரக்குதான். குவார்ட்ஸைக் கத்தி கீறாது. ஆனால் மணற்கல்லைக் கத்தியால் சுரண்டினால் பொடி உதிரும். மணி உடைவதில்லை; மணிகளை ஒட்டியிருக்கும் பசை விடுவதால் மணி கழன்று விழுகிறது. (இந்தச் சோதனையைத் தெருவில் கிடக்கும் துண்டுக் கல்லில் செய்யுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கத்தியை எடுத்தால் கல்லைப் பற்றி அல்ல, சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரும்.)

அடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர். காய்ந்த மணற்கல்லின் மேல் விட்டால் சற்று நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு ஈரத்தடமாகப் பரவும். கருங்கல்லில் அப்படியே முத்தாக நிற்கும்.

அதைவிடச் சுலபமான அடையாளம் வரிகள். பக்கவாட்டில் பாருங்கள். கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, வெண்ணெய் நிறம் என்று அடுக்கடுக்காகக் கோடு ஓடினால், ஒவ்வொரு கோடும் ஒரு காலத்தில் மணல் வந்து படிந்த தரை. சில கற்களில் கோடுகள் சாய்வாகக் குறுக்கே ஓடும். நீரோட்டம் மணல் திட்டை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனதன் தடயம் அது.

சிவப்பாய் இருப்பதெல்லாம் மணற்கல் ஆகிவிடாது. பாலிஷ் போட்டு வரும் சிவப்புக் கிரானைட் அரிசியும் பருப்பும் கலந்த மாதிரி, பல நிறப் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இருக்கும், வரி இருக்காது, பளபளக்கும். நம் ஆர்.கே.புரம் மலை மந்திர் சுவாமிநாத சுவாமி சன்னதி தென்னாட்டு முறைப்படி கருங்கல்லால் எழுப்பி 1973-இல் கும்பாபிஷேகம் ஆனது. அடுத்த முறை அங்கே போகும்போது ஒரு நிமிஷம் சுவரைப் பாருங்கள். அதே வாரம் ஹுமாயூன் சமாதிக்கும் போனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஜென்மத்துக்கும் மறக்காது.

ஏமாற்றுவது தில்லியின் சொந்தக் கல்தான். ரிட்ஜ் என்று நாம் சொல்லும் அந்த முதுகுமேடு குவார்ட்ஸைட் பாறை. இதுவும் ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்ததே. பூமிக்குள் அமுங்கி, சூடேறி, மணிகள் ஒன்றோடொன்று உருகிப் பிணைந்ததைப் போல் ஆகிவிட்டது. வெளியே துருப்பிடித்த செம்பழுப்பு. ஆனால் உடைத்த முகம் கண்ணாடிபோல் மின்னும். மணி தனியே கழலாது. துக்ளகாபாத் கோட்டைச் சுவர்கள் இந்தக் கல். அதற்கு எதிரே இருக்கும் கியாசுதீன் துக்ளக்கின் சமாதியோ செம்மணற்கல்லும் சலவைக்கல்லும். புராணா கிலாவிலும் சுவர் மூட்டுக்கல், வாசல் செம்மணற்கல். கையருகே கிடைத்த கல் சுவருக்கு, தூரத்திலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்த கல் முகப்புக்கு. நம் வீடுகளிலும் வாசற்படிக்கு மட்டும் நல்ல கல் போடுவதில்லையா?

அந்தத் தூரம் எது? தில்லிக்குத் தெற்கே, ஆக்ராவைச் சுற்றி பதேபூர் சிக்ரி, பரத்பூர், தோல்பூர், கரௌலி. பூமி சாஸ்திரத்தில் இதை விந்தியப் படிவங்கள் என்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பது விந்தியத் தொகுதியின் மேலடுக்கு. இன்றைய கணிப்புப்படி அதன் வயது சுமார் நூறு கோடி ஆண்டுகள். அப்போது அங்கே ஆழமில்லாத கடலும் கரையோரச் சமவெளியும். மரம் இல்லை, புல் இல்லை, மீன் கூட இல்லை. அலை வந்து போனால் ஈர மணலில் நெளிநெளியாக வரி விழுமே, மெரினாவில் பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவுகளே கல்லாகி இன்றும் இருக்கின்றன. சுரங்கத்தில் பலகை பலகையாகக் கல்லைப் பெயர்க்கும்போது அந்த நெளிவு மேலே வரும். நடைபாதைகளில் பதித்த செம்மணற்பலகைகளில் பல தடவை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அலை விட்டுப்போன தடத்தை மிதித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு ஓடுகிறோம்!

இந்தப் பாறையில் பெரிய பிராணிகளின் அச்சைத் தேடுவது எப்படி முடியும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. போபாலுக்குத் தெற்கே பீம்பேட்கா குகைகளும் இதே விந்திய மணற்கல்தான். அங்கே ஒரு குகையின் கூரையில், டிக்கின்சோனியா என்ற ஆதிகாலப் பிராணியின் படிவத்தைக் கண்டோம் என்று 2021-இல் சில விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பிறகு இன்னொரு குழு போய்ப் பார்த்தது. அது தேன்கூடு. கூடு பழசாகி உதிர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் அறிவித்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். செம்புறாங்கல் என்று சொன்ன எனக்கு இதைப் படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

சிவப்பு எங்கிருந்து வந்தது? மணல் மணி தன்னளவில் நிறமற்றதுதான். ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய தோல்போல ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. நூற்றுக்கு ஓரிரு பங்கு இருந்தாலே கல் முழுவதும் சிவந்துவிடும். மஞ்சள் பொடி ஒரு சிட்டிகை போட்டால் பானை நிறையக் குழம்பும் மஞ்சளாவதைப் போல. நம் ஊர்ச் செம்மண்ணுக்கும், வீட்டுச் சுவரில் கோலத்துக்கு இடும் காவிக்கும் இதே இரும்புதான் காரணம். பெரியப்பாவுக்குக் கையில் பட்டது அதுதான். செம்புறாங்கல்லுக்கும் செங்கோட்டைக் கல்லுக்கும் நிறம் கொடுத்த சாயம் ஒன்றே, துணிதான் வேறு. சில பலகைகளில் சிவப்பின் நடுவே மோர் தெளித்த மாதிரி வெளிர்ப் புள்ளிகள் இருக்கும். கறையோ அழுக்கோ அல்ல. அந்த இடத்தில் மட்டும் இரும்பு வேறு வடிவுக்கு மாறிக் கரைந்து வெளியேறிவிட்டது.

குதுப் வளாகத்தில் 1311-இல் எழுந்த அலாய் தர்வாசாவில் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்த அழகை முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்பது நல்லது. அக்பரின் ஆக்ரா கோட்டை, பாறை முகட்டின் மேலேயே அங்கேயே வெட்டிய கல்லால் 1571-இல் தொடங்கிய பதேபூர் சிக்ரி, 1648-இல் முடிந்த நம் செங்கோட்டை, அப்புறம் ராஷ்டிரபதி பவன், 2023-இல் திறந்த புதிய பாராளுமன்றம் வரை அதே கல்தான். பாராளுமன்றத்துக்கு தோல்பூர் மாவட்டத்துச் சர்மதுராவிலிருந்து வந்தது. கல்லை மரம் மாதிரி இழைக்க முடிவதுதான் இதன் கவர்ச்சி. அடுக்கோடு உளி வைத்தால் பலகையாகப் பிளந்து கொடுக்கும். குறுக்கே செதுக்கினால் ஜாலியாகக் கண் திறக்கும். ராஜஸ்தான் கிராமங்களில் வீட்டுக் கூரைக்கே இந்தப் பலகைகளைத்தான் பரப்புகிறார்கள்.

சென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1909-இல் கட்டிய விக்டோரியா நினைவு மண்டபம், இன்றைய தேசியக் கலைக்கூடம், முகப்பு முழுக்க இளஞ்சிவப்பு மணற்கல். ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. பார்த்தால் பதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசா நினைவுக்கு வரும். ஆனால் கல் தோல்பூரிலிருந்து போகவில்லை. பக்கத்திலேயே, இன்று ஆந்திராவில் இருக்கும் சத்தியவேட்டிலிருந்து வந்தது. அது டைனோசர் காலத்துக் கல், விந்தியக் கல்லுக்குக் கொள்ளுப்பேரன் முறை கூட ஆகாது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் அடித்தளத்துக்குக் கருங்கல்லும் மேலே மணற்கல்லும் வைத்தான். அங்கே சிற்பங்கள் உதிர்ந்து போயிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, மணற்கல்லின் பலவீனமும் தெரிந்திருக்கும்.

அந்தப் பலவீனத்தை எங்கள் குடியிருப்பு காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. வாசலில் இருந்த இரண்டு சிமெண்ட் தூண்களுக்குச் செம்மணற்பலகை ஒட்டி 'செங்கோட்டை மாதிரி' செய்யலாம் என்று கமிட்டியில் முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன். காண்டிராக்டர் ஒட்டி முடித்து, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு லட்டு. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பலகைகள் அப்பளம்போல் உப்பி, ஏடு ஏடாக உரிய ஆரம்பித்தன. கீழே வெள்ளைப் பூத்தது. கல் மட்டம் என்று காண்டிராக்டரும், வேலை மட்டம் என்று கமிட்டியும் ஒரு வருடம் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

வங்காளி நண்பர் வந்து பார்த்து நான்கே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தூணின் தலைக்கு மூடுகல் இல்லை. மழை பின்பக்கமாக இறங்குகிறது. பலகை தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஈரம் கீழிருந்து ஏறுகிறது. சிமெண்டிலும் மண்ணிலும் உள்ள உப்பு அந்த ஈரத்தோடு உள்ளே போகிறது. வார்னிஷ் அடித்ததால் ஈரம் வெளியே வர வழியில்லை, உப்பு தோலுக்கு அடியிலேயே படிகமாகி அடுக்கை நெம்பித் தள்ளுகிறது. மணற்கல் மூச்சுவிட வேண்டிய கல் என்றார். வீட்டு முகப்புக்கு இந்தக் கல் ஒட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தலைக்கு மூடுகல், தரையிலிருந்து ஒரு சாண் இடைவெளி, பளபளப்புப் பூச்சு கூடாது. கடையில் வாங்கும்போதே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். இரண்டு பலகையைத் தட்டிப் பாருங்கள். நல்லது கணீரென்று சொல்லும், அடுக்கு விட்டது பொத்தென்று சொல்லும்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குத் தூண் காரணமல்ல. அந்த முதல் வேலை நடந்தபோது பத்து நாள், எங்கள் வாசலில் இரண்டு இளைஞர்கள் மின்சாரக் கட்டரை வைத்துக் காய்ந்த கல்லை அறுத்தார்கள். கரௌலிப் பக்கத்துப் பையன்கள். மூக்கில் கைக்குட்டை. காற்றெல்லாம் இளஞ்சிவப்புத் தூள். எங்கள் பிள்ளைகள் அதை ஹோலி என்று சொல்லிச் சுற்றிச் சுற்றி ஓடின. என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள். தேநீர் கொடுத்தோம். அதோடு சரி.

அந்தத் தூள்தான் குவார்ட்ஸ். கண்ணுக்குத் தெரிகிற தூள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். தெரியாத அளவுக்கு நுண்ணியது நுரையீரலின் அடிவரை போய் அங்கேயே தங்கி, சுற்றிலும் தழும்பாக்கிவிடுகிறது. சிலிகோசிஸ் என்று பெயர். வந்தால் குணப்படுத்த மருந்து இல்லை. வருவதற்குப் பல வருடம் ஆகும் என்பதால் யாருக்கும் அவசரமில்லை; வந்த பிறகு காசநோய் என்று நினைத்து அதற்கே வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. காசநோயும் இவர்களைத்தான் எளிதில் பிடிக்கிறது. கரௌலியிலும் தோல்பூரிலும் ஜோத்பூரிலும் இந்த நோயால் ஆண்களை இளம் வயதிலேயே இழந்த குடும்பங்கள் நிறைய. 2019-இல் ராஜஸ்தான் அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டு, நோய்ச் சான்று பெறும் தொழிலாளிக்கும், இறந்தால் குடும்பத்துக்கும் உதவித்தொகை தர ஏற்பாடு செய்தது. கைக்குட்டை இந்தத் தூளைத் தடுக்காது. அறுக்கும்போது பிளேடின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூள் பெரும்பகுதி சேறாகித் தரையில் இறங்கிவிடும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. ஒரு குழாய், ஒரு வாளி. எங்கள் வாசலில் குழாய் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. இதையெல்லாம் அறிந்திருந்த வங்காளி நண்பர் அந்தப் பத்து நாளும் மகள் வீட்டில் கல்கத்தாவில் இருந்தார். இங்கே இருந்த எங்களுக்குக் கல்லைப் பற்றியே தெரியாது.

போன வருடம் தூண்களை உரித்துவிட்டு மறுபடியும் செய்தோம். ஒப்பந்தத் தாளிலேயே ஈரமாக அறுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். புதுக் காண்டிராக்டர் முகம் சுளித்தார். வேலை இரண்டு நாள் கூடும், சேறு வழிக்க ஆள் வேண்டும் என்று கொஞ்சம் ரூபாயும் கூட்டினார். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், அது அவர்கள் பிரச்சினை அல்லவா என்று கேட்டார். விவாதம் நீண்டது. கடைசியில் வீட்டுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று பிரித்துப் போட்டோம். வாசல் ஒரு வாரம் சிவப்புச் சேறாகக் கிடந்தது. பிள்ளைகளுக்கு ஹோலி கிடையாது.

முதல் தடவை வந்த அந்த இரண்டு பையன்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். பழைய காண்டிராக்டரிடம் அவர்கள் பெயர்கூட இல்லை.

மிச்சமான பலகைத் துண்டு ஒன்றை, ஊருக்குப் போன ஒருவரிடம் பெரியப்பாவுக்குக் கொடுத்தனுப்பினேன். செம்புறாங்கல் என்று சொன்னது தப்பு, இது மணற்கல் என்று ஒரு கடிதமும் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது. "கல்லைத் தண்ணியில போட்டுப் பார்த்தேன்பா, குடிக்குது. புது மழை வாசனை வருது" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கே எனக்குச் சந்தேகந்தான்" என்றார்.